ஜெர்மனிக்குப் படிக்க வருகிறீர்களா? முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வழித்துணை

"படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான், ஜெர்மனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் நிறையப் பேர் விமானம் ஏறுகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். வகுப்பறைக்குள் அது உண்மைதான். பாடம், தேர்வு, பேராசிரியரின் மின்னஞ்சல் எல்லாமே ஆங்கிலம். ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்தால் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், மருந்துச் சீட்டு, குப்பைத் தொட்டி மேல் ஒட்டியிருக்கும் தாள், ரயில் வேறு நடைமேடைக்கு மாறிவிட்டது என்று ஒலிபெருக்கியில் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டுப் போகும் அந்த வரி, எல்லாமே ஜெர்மன். மொழியை ஒரு பக்கமும் அன்றாடத்தை இன்னொரு பக்கமும் வைத்தால் இரண்டுமே நகராது. அன்றாட வேலையையே மொழிப் பாடமாக வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து நகரும், நான் இதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது, உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்: எண், நேரம், எழுத்து

ஜெர்மனில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்துவிட்டு வர முடிந்தால் ரொம்ப நல்லது. முடியாவிட்டால் இந்த மூன்றையாவது வாயில் ஊறவைத்துவிட்டு வாருங்கள், "என் பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது" மாதிரியான வாக்கியங்களை விட இவைதான் முதல் வாரத்தில் கைகொடுக்கும்.

எண்களில் ஒன்றாம் இடம்தான் முதலில் வரும். 47 என்பது "ஸீபன்உன்ட்ஃபியர்ட்ஸிஹ்", அதாவது ஏழும் நாற்பதும். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்பவர்கள் நிறைய, கேட்கக் கேட்க எழுதினால் 74 என்று எழுதிவிடுவீர்கள், அதனால் இரண்டு இலக்கத்தையும் காதில் வாங்கிய பிறகே எழுதுங்கள். எழுத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள், காற்புள்ளி வைக்கும் இடத்தில் புள்ளி. 3,99 என்றால் நான்கு யூரோவுக்கு ஒரு சென்ட் குறைவு. 1.100 என்றால் ஆயிரத்து நூறு.

நேரம். "ஹால்ப் த்ரை" என்றால் வார்த்தைக்கு வார்த்தை "அரை மூன்று", ஆனால் அது மூன்றரை கிடையாது, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டது என்று கணக்கு. ஒரு அலுவலகத்தில் எனக்கு வாய்வார்த்தையாக இப்படி நேரம் சொன்னார்கள், நான் மூன்றரைக்குப் போய் நின்றேன், என் முறை ஒரு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது, அடுத்த தேதி ஆறு வாரம் தள்ளிக் கிடைத்தது. அன்றிலிருந்து யார் நேரம் சொன்னாலும் 14.30 என்று தாளில் எழுதிக் காட்டி "ஸோ?" என்று கேட்டுவிடுகிறேன். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

எழுத்து. நம் பெயர்கள் நீளம், அதனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார். ஆங்கிலத்தில் நாம் "ஏ" என்று சொல்லும் எழுத்து ஜெர்மனில் "ஆ". ஆங்கில "ஈ" அங்கே "ஏ". ஆங்கில "ஐ" அங்கே "ஈ". ஆக, ஆங்கில வழக்கத்தில் நீங்கள் பெயரைச் சொன்னால் இந்த உயிரெழுத்துகள் இடம் மாறித்தான் பதிவாகும், பிறகு காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று திருத்த அலைய வேண்டும். "ஜே" என்பதை "யொட்" என்பார்கள், "வி" என்பதை "ஃபவ்", "டபிள்யூ" என்பதை "வே", "ஒய்" என்பதை "யுப்ஸிலோன்", "இஸட்" என்பதை "ட்செட்". உங்கள் பெயரை மட்டும் இந்த முறையில் ஐம்பது தடவை சொல்லிப் பழகுங்கள்.

முதல் இரண்டு வாரம்: காகித வேலை

இதில் வரிசை முக்கியம், ஏனென்றால் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது திறக்கும்.

முதலில் "அன்மெல்டுங்", அதாவது முகவரிப் பதிவு. குடிவந்த 14 நாளுக்குள் நகராட்சியின் "ப்யூர்கர்ஆம்ட்" அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். பெரிய ஊர்களில் அந்த 14 நாளுக்குள் நேரமே கிடைக்காது, அதனால் ஊரில் இருக்கும்போதே இணையத்தில் "டெர்மீன்" தேடத் தொடங்குங்கள். டெர்மீன் என்பது முன்கூட்டியே குறித்த சந்திப்பு நேரம், இந்த நாட்டில் முடிவெட்டுவதிலிருந்து விசா நீட்டிப்பு வரை எல்லாவற்றுக்கும் அது வேண்டும், முதல் நாளே கற்றுக்கொள்ளும் சொல் அதுதான். பதிவுக்குப் பாஸ்போர்ட்டோடு "வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்" என்ற தாளும் வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் "பிரித்து எழுதுக" என்று கேட்பார்களே, அதே வேலைதான்: வோனுங் என்றால் வீடு, கேபர் என்றால் கொடுப்பவர், பெஷ்டேட்டிகுங் என்றால் உறுதிச் சான்று. வீடு கொடுத்தவர் எழுதித் தரும் சான்று. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, இந்தத் தாளைச் சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இதைத் தர மாட்டேன் என்று சொல்லும் வீட்டுக்குப் போகவே போகாதீர்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். நேரிலோ நம்பிக்கையான ஒருவர் மூலமோ பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுபவர் ஏமாற்றுக்காரர், இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். "கால்ட்மீட்ட" என்றால் வெறும் வாடகை, "வார்ம்மீட்ட" என்றால் சூடேற்றும் செலவு, தண்ணீர் எல்லாம் சேர்த்து. முன்பணமாக மூன்று மாதக் கால்ட்மீட்டவுக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

பதிவு முடிந்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும், பகுதி நேர வேலைக்கு அது தேவை. விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டுவைத்த முடக்கக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் வர ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ என்று கணக்கு. 30 வயதுக்குள் இருந்தால் அரசு முறை மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணம், மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும். அதோடு "ருண்ட்ஃபுங்க்பைட்ராக்" என்று ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம். எங்களிடம் டிவியே இல்லையே என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள், டிவி இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான், அதனால் நான்கு பேர் சேர்ந்திருக்கும் வீடு என்றால் யாராவது ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடலாம்.

வதிவிட அனுமதி வாங்க "அவுஸ்லெண்டர்பெஹோர்ட" என்ற வெளிநாட்டினர் அலுவலகம். விசா முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், நேரம் கிடைக்கவில்லை என்றாலும் இணையத்திலோ மின்னஞ்சலிலோ விண்ணப்பித்ததற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பே விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும் வரை இங்கே இருப்பது சட்டப்படி சரி. அதைக் காட்ட ஒரு இடைக்காலத் தாள் தருவார்கள்.

தபால் பெட்டியில் உங்கள் பெயர்

இதற்கு ஒரு தனித் தலைப்பே கொடுக்கிறேன், அவ்வளவு முக்கியம். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அவ்வளவுதான். தபால்காரர் பெயரை வைத்துத்தான் பெட்டியைக் கண்டுபிடிப்பார். பெட்டியிலும் அழைப்புமணியிலும் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும், போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நான் வந்த புதிதில் பெட்டியில் வீட்டு உரிமையாளர் பெயர் மட்டும் இருந்தது, வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் இரண்டு முறை திரும்பிப் போயின, மூன்று வாரம் கையிலிருந்த பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தேன். குடிவந்த அன்றே ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி ஒட்டுங்கள், அழகாக அச்சடிப்பது அப்புறம்.

இனிஷியல் வைத்திருக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் போகிறதா, முழுப் பெயரும் போகிறதா என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. முகவரிப் பதிவில் எப்படி எழுதினார்களோ அப்படியே வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் எழுதுங்கள், பெட்டியிலும் அந்தப் பெயரையே ஒட்டுங்கள்.

கடிதம் வந்த பிறகு? மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்துப் படிப்பது எல்லாரும் செய்வது, நானும் செய்தேன். ஆனால் அதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணால் தேடுங்கள். "பிஸ் ட்ஸும்" என்று இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கடைசித் தேதி இருக்கும். "ஃப்ரிஸ்ட்" என்றால் கெடு. "மானுங்" என்றால் பணம் கட்டத் தவறியதற்கான எச்சரிக்கை. "க்யூண்டிகுங்" என்றால் ஒப்பந்த ரத்து. இந்த நான்கில் ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றைக்கே உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள், இல்லையென்றால் வார இறுதிக்கு வைக்கலாம்.

கடையில் பத்து வினாடி

பல்பொருள் அங்காடியின் பணம் கட்டும் இடம் முதல் மாதத்தில் உண்மையிலேயே நடுக்கம் தரும். பட்டை நகர்கிறது, பொருளை வைக்கிறீர்கள், உங்களுக்குப் பின்னால் இருப்பவரின் பொருளோடு கலக்காமல் ஒரு கட்டையை இடையில் வைக்க வேண்டும், காசாளர் எடுக்கும் வேகத்துக்கு நம் கை ஈடுகொடுக்காது, அதற்குள் ஏதோ கேட்கிறார். என்ன கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், ஏனென்றால் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் அதே மூன்று நான்கு கேள்விகள்தான். புள்ளி சேர்க்கும் அட்டை இருக்கிறதா? "நைன், டாங்க", அதாவது இல்லை, நன்றி. பணமா, அட்டையா? "மிட் கார்ட்ட, பிட்ட." ரசீது வேண்டுமா? "யா, பிட்ட" அல்லது "நைன், டாங்க." கடைசியில் "ஷோனன் டாக் நோஹ்" என்பார், நல்ல நாளாகட்டும் என்று வாழ்த்து, பதிலுக்கு "டாங்க, க்ளைஹ்ஃபால்ஸ்" என்றால் உங்களுக்கும் அப்படியே என்று அர்த்தம். இந்தச் சின்ன உரையாடலை வாரத்துக்கு மூன்று முறை நடத்துகிறோம். ஆறு மாதத்தில் எழுபது எண்பது தடவை. எந்த வகுப்பிலும் இவ்வளவு பயிற்சி கிடைக்காது, அதனால் தானியங்கிக் கவுண்டர் பக்கம் ஒதுங்காமல் ஆள் இருக்கும் வரிசையிலேயே நில்லுங்கள்.

மற்றவை வேகமாக. ஞாயிறு அன்று கடைகள் பொதுவாகத் திறப்பதில்லை, பெரிய ரயில் நிலையக் கடைகள் விதிவிலக்கு. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தள்ளுவண்டிக்கு ஒரு யூரோ நாணயம் பையில் இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பான பாட்டில், கேன் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் "ஃபாண்ட்" என்ற வைப்புத் தொகை விலையோடு சேர்ந்திருக்கும், காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும், அதைக் காசாளரிடம் கொடுத்தால் கழித்துக்கொள்வார். பாட்டிலை நசுக்கிவிடாதீர்கள், முகப்புச் சீட்டை இயந்திரம் படிக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை இந்த அங்காடிகளில் கிடைக்காது, அதற்கு "அப்போடேக்க" என்ற மருந்துக் கடைதான்.

பயணத்துக்கு வந்தால், உங்கள் கல்விக் கட்டணத்தோடு பயணச் சீட்டு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல பல்கலைக்கழகங்களில் சேர்ந்தே வரும். தனியாகத் தாள் சீட்டு வாங்கினால் சில ஊர்களில் அதை முத்திரை இயந்திரத்தில் நுழைத்துத் தேதி அடிக்க வேண்டும், பணம் கொடுத்து வாங்கிய சீட்டாக இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் 60 யூரோ.

சேர்ந்து வாழும் வீடு

மூன்று நான்கு பேர் பகிர்ந்து வாழும் வீட்டை "வேகே" என்பார்கள். நம்மவர்களோடு மட்டும் சேர்ந்து தங்கினால் மனசுக்கு இதம், ஆனால் ஜெர்மன் ஒரு அடி முன்னேறாது. என் கருத்தைக் கேட்டால், குறைந்தது ஒரு வருடமாவது ஜெர்மன் பேசும் ஒருவராவது இருக்கும் வேகேயில் இருங்கள். சமையலறையில் கேட்கும் ஜெர்மன்தான் உண்மையான ஜெர்மன்.

அங்கே சண்டை வருவது எப்போதும் மூன்று இடத்தில்: குப்பை, காற்று, சத்தம். குப்பையில் தாள் தனி, பிளாஸ்டிக்கும் தகரமும் மஞ்சள் பையில், சமையல் கழிவு தனி, மிச்சம் வேறு தொட்டி. கண்ணாடியைத் தெருவிலுள்ள பெரிய தொட்டிகளில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட வேண்டும், அதுவும் ஞாயிறு அன்று போடக் கூடாது, உடையும் சத்தம் கேட்கும் என்பதால். காற்று விஷயம் நமக்குப் புதிது. குளிர்காலத்தில் சன்னலைச் சாத்தியே வைத்துச் சமைத்து, துணியும் உள்ளே காயப்போட்டால் சுவரில் கருப்பாகப் பூசணம் பிடிக்கும், அதைச் சரிசெய்யும் செலவு முன்பணத்திலிருந்து போகும். தினமும் இரண்டு மூன்று முறை, சூடேற்றியை அணைத்துவிட்டு, சன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். இதற்குப் பெயர் "ல்யூஃப்டன்", வீட்டுத் தோழர்கள் தினம் ஒருமுறையாவது சொல்லும் சொல். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையும் ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். ஊருக்குப் போன் பேசும்போது குரல் தானாக உயர்ந்துவிடும், நம் பேச்சு அவர்கள் காதுக்குச் சண்டை போலவும் கேட்கும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. படங்களை டோரன்ட் வழியாக இறக்காதீர்கள். இறக்கினால் "அப்மானுங்" என்று வழக்கறிஞர் கடிதம் வரும், பல நூறு யூரோ கேட்பார்கள், வேகேயின் இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் முதலில் வரும். அப்புறம், "ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட்" என்ற பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு ஆகும் செலவு சிறிது. கட்டடச் சாவியைத் தொலைத்தால் முழுக் கட்டடத்தின் பூட்டுகளையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம், அதனால் சாவி இழப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

வகுப்பில்

கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் "சி.டி." என்று இருந்தால் வகுப்பு கால் மணி நேரம் தள்ளித் தொடங்கும், "எஸ்.டி." என்றால் சொன்ன நேரத்துக்கே. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். மதிப்பெண்ணில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி.

இதில் உண்மையிலேயே கவனம் வேண்டியது தேர்வுப் பதிவு. பாடத்துக்குப் போனால் தேர்வும் தானாக வரும் என்று நினைக்காதீர்கள், தனியாகப் பதிய வேண்டும், அதற்கு ஒரு கெடு உண்டு, கெடு போனால் போனதுதான். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே விட நேரும். தயாராக இல்லையென்றால் விலகிக்கொள்ளவும் ஒரு தேதி உண்டு, இரண்டு தேதியையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

பகுதி நேர வேலைக்கு 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது. முதல் பருவத்தில் வேலை தேடுவதை விட மொழிக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள் என்பேன். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி கிடைக்கும், அந்த நேரத்தில் விளம்பரங்களைப் பார்த்தால் ஜெர்மன் கேட்காத வேலை எவ்வளவு குறைவு என்று தெரியும், அப்போது ஏ1 வகுப்பில் போய் உட்கார்ந்தால் தாமதம்.

ஜெர்மனைத் தமிழ் வழியாகப் படியுங்கள்

நான் ஒரு வருடம் ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படித்தேன். இரண்டும் உறவுக்கார மொழிகள்தானே, எளிதாக வரும் என்றார்கள். சொற்கள் வந்தன, வாக்கியம் வரவில்லை. ஒரு நாள் "மிர் இஸ்ட் கால்ட்" என்ற வரியை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தேன், "எனக்குக் குளிராக இருக்கிறது" என்று தமிழில் சொல்லிப் பார்த்ததும் அப்படியே பொருந்தியது. "மிர்" என்றால் எனக்கு. குளிர்வது நான் செய்யும் வேலை கிடையாது, எனக்கு நேர்வது. தமிழ் அதை நான்காம் வேற்றுமையில் சொல்கிறது, ஜெர்மனும் அப்படியே "டாட்டிவ்" என்ற வேற்றுமையில் சொல்கிறது. "தாஸ் கெஃபெல்ட் மிர்" என்றால் "அது எனக்குப் பிடித்திருக்கிறது". ஆங்கிலத்தில் இதைச் சுற்றி வளைத்துத்தான் விளக்க முடியும். எட்டு வேற்றுமை படித்து வந்தவர்களுக்கு நான்கு வேற்றுமை ஒரு பாரமா?

அதே போல வினைச்சொல். "நான் இன்று வீட்டுக்குப் போக வேண்டும்" என்பதை ஜெர்மனில் "இஹ் முஸ் ஹொய்ட்ட நாஹ் ஹவுஸ கேஹன்" என்பார்கள், "போக" என்ற வினை கடைசியில். "ஏனென்றால்" என்று ஒரு காரணம் சொல்லத் தொடங்கினால் அந்தத் துணை வாக்கியத்திலும் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் வினைக்காகக் காத்திருக்கத் திணறுவார்கள், நாம் பிறந்ததிலிருந்து வினைக்காகக் காத்திருந்தே பழகியவர்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், முதன்மை வாக்கியத்தில் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் வினை (மேலே "முஸ்") இரண்டாம் இடத்தில் நிற்கும், அதை மட்டும் தனியாகப் பழக வேண்டும்.

"டு", "ஸீ" என்பது நீ, நீங்கள். ஆனால் அளவுகோல் வேறு, வயது மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. சக மாணவர் உங்களை விடப் பத்து வயது மூத்தவராக இருந்தாலும் "டு"தான், அவரை "ஸீ" என்றால் தள்ளி நிறுத்துவது போல ஆகிவிடும். பேராசிரியர், அலுவலர், மருத்துவர், முன்பின் தெரியாத பெரியவர் எல்லாருக்கும் "ஸீ", அவர்களாகவே "டு" சொல்லலாம் என்று சொன்ன பிறகு மாறலாம்.

தமிழ் கைவிடும் இடம் ஒன்று உண்டு, அது பால். நமக்கு அஃறிணை என்றால் அஃறிணை. இங்கே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால்: "டெர் லோஃபல், டீ காபல், தாஸ் மெஸ்ஸர்". ஒரே சாப்பாட்டு மேசையில் மூன்று பால்! தர்க்கம் தேட வேண்டாம். சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னால் நிற்கும் டெர், டீ, தாஸ் என்பதோடு சேர்த்து ஒரே மூச்சில் படியுங்கள். சில ஈறுகள் உதவும்: "உங்", "ஹைட்", "கைட்" என்ற பின்னொட்டில் முடியும் சொற்கள் பெண்பால், "டீ"தான். "ஹென்" என்ற குறுமைப் பின்னொட்டு வந்தால் "தாஸ்", அதனால்தான் சிறுமியைக் குறிக்கும் "மெட்ஹென்" கூட ஒன்றன்பால். சமையலறைப் பொருள்கள் மேல் நிறம் நிறமாகத் துண்டுத் தாள் ஒட்டிவைத்தேன், நீலம் ஆண்பால், சிவப்பு பெண்பால், பச்சை ஒன்றன்பால். வீட்டுத் தோழர்களும் சேர்ந்து ஒட்டினார்கள், முதல்முறையாக அன்றைக்குத்தான் எங்களுக்குள் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது.

ஒலியில் இரண்டு புதிது. உதட்டை "ஊ" சொல்வது போலக் குவித்துக்கொண்டு வாய்க்குள் "ஈ" சொல்லுங்கள், அது ஒன்று. "ஓ" போலக் குவித்துக்கொண்டு "ஏ" சொல்லுங்கள், அது இன்னொன்று. அந்த இரண்டாவதைச் சரியாகச் சொல்லாவிட்டால் "அழகான" என்று சொல்ல வந்தது "ஏற்கெனவே" என்று ஆகிவிடும்.

வகுப்புக்கு எங்கே போவது? பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் பெரும்பாலும் இலவசம் அல்லது சிறு கட்டணம், ஆனால் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பருவம் தொடங்கும் முன்பே பதியுங்கள். கிடைக்காவிட்டால் ஊர்தோறும் இருக்கும் "ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூல" என்ற மக்கள் கல்விக்கூடம். கேட்பதற்கு "டாய்ச்ச வெல்ல" என்ற ஜெர்மன் ஒளிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசித்துத் தரும் செய்திகள், இலவசம். "டாண்டம்" என்று ஒரு வழக்கம் உண்டு, நீங்கள் ஒரு மணி நேரம் உங்களுக்குத் தெரிந்த மொழியைச் சொல்லித் தருவீர்கள், அவர் ஜெர்மன் சொல்லித் தருவார்.

நீங்கள் தடுமாறினால் எதிரில் இருப்பவர் உதவுவதாக நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மனம் சோர வேண்டாம். "இஹ் லெர்ன டொய்ச், பிட்ட லாங்ஸாம்" என்று சொல்லுங்கள், நான் ஜெர்மன் கற்கிறேன், மெதுவாகப் பேசுங்கள் என்று அர்த்தம். பெரும்பாலானோர் சிரித்துவிட்டு மெதுவாகத் திரும்ப ஜெர்மனுக்கே வருவார்கள். வட்டார வழக்கு கேட்டும் பயப்படாதீர்கள், ஹாம்பர்க்கில் நாள் முழுக்க "மொய்ன்" என்பார்கள், பவேரியாவில் "க்ரூஸ் காட்", ஒரே சிறு ரொட்டிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர்.

இருட்டும் தனிமையும்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு மாலை திடீரென்று சுருங்கிவிடும். டிசம்பரில் பெர்லினில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி. உடம்பு கனக்கும், யாரிடமும் பேசப் பிடிக்காது, வந்ததே தப்போ என்று தோன்றும். இது உங்கள் பலவீனம் இல்லை, வெளிச்சம் இல்லாத குளிர்காலம் நிறையப் பேருக்கு இதைச் செய்கிறது. மதியம் வெளிச்சம் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் கட்டாயம் வெளியே நடங்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகளில் குறைந்த கட்டணத்தில் சேரலாம், வாரம் ஒரே நாள், ஒரே நேரம், அதே முகங்கள், இங்கே நட்பு அப்படித்தான் மெதுவாக வளர்கிறது. "ஒரு நாள் காபி குடிக்கலாம்" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது, "வியாழன் நான்கு மணிக்கு மென்சாவில்" (மென்சா என்பது பல்கலைக்கழக உணவகம்) என்று சொன்னால் கட்டாயம் வருவார்கள்.

இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமும் பசியும் ஒழுங்காக இல்லையென்றால் மாணவர் நலச் சேவையான "ஷ்டுடீரெண்டன்வெர்க்" பல ஊர்களில் இலவச மனநல ஆலோசனை தருகிறது, ஆங்கிலத்தில் பேச முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் முடியும். வீட்டில் கவலைப்படுவார்கள் என்று எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு தனியாகக் கிடக்காதீர்கள், தயவுசெய்து.

முதல் போன்

கடைசிப் படி இது, கஷ்டமானதும் இதுதான், ஏனென்றால் போனில் கையும் முகமும் உதவாது. முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு மருத்துவருக்கு நீங்களே போன் செய்து டெர்மீன் வாங்குங்கள், நல்ல உடம்போடு இருக்கும்போதே. "ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்" என்ற குடும்ப மருத்துவரைத் தேடிவைத்துக்கொள்ளவும் அது உதவும். உயிருக்கு ஆபத்து என்றால் 112, காவல்துறைக்கு 110, மருத்துவரின் கிளினிக் மூடிய நேரத்தில் காய்ச்சல், வலி என்றால் 116117, இந்த மூன்றையும் போனில் இன்றே பதிந்துகொள்ளுங்கள்.

கூப்பிடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வரி: "கூட்டன் டாக், இஹ் ம்யோஹ்ட்ட ஐனன் டெர்மீன்." இரண்டாம் வரி: பெயர், எழுத்தெழுத்தாக, நீங்கள் ஐம்பது தடவை பழகிய முறையில். மூன்றாம் வரி: பிறந்த தேதி, கட்டாயம் கேட்பார்கள். நான்காம் வரி: எந்தக் காப்பீட்டு நிறுவனம். ஐந்தாம் வரி: உங்களுக்கு முடியாத நாட்கள். அதற்குக் கீழே வெற்று இடம் விடுங்கள், அவர் சொல்லும் நாளும் நேரமும் எழுத. அவர் நேரம் சொன்னதும் நீங்கள் அதையே இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள், "ஃபியர்ட்ஸேன் ஊர் த்ரைஸிஹ்?" என்று. சரியாக இருந்தால் "கெனவ்" என்பார்.